இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப்பூ

ஈப்போவை அடுத்த லகாட் பக்கம் நாங்கள் பிறந்த எஸ்டேட்டில் இப்போது தொழிலாளர் லயங்கள் இல்லை. செம்பனை மரங்களுக்கு நடுவே முனியாண்டி கோயில் மட்டும் நிற்கிறது. அக்காவுக்கு இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது, கிளினிக்குக்குப் போகாமல் என்னை அங்கேதான் கூட்டிப்போனாள்.

"பூக்கட்டிப் பாப்போம்லா. வெள்ளை வந்தா ஒண்ணுமில்ல. செவப்பு வந்தா டாக்டர்ட்ட போறேன்."

வெள்ளை அரளி ஒரு இலையில், செவ்வரளி ஒரு இலையில். மடித்துச் சாமி காலடியில் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். மடிப்பது என் வேலை. மூன்று வாரமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் இரண்டிலும் வெள்ளையையே வைத்தேன். செவ்வரளியைக் கோயில் பின்னால் வீசினேன்.

அக்கா ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தியாடி, ஐயா கைவிடல. வா, பசிக்குது, ரொட்டி சானாய் சாப்பிடப் போலாம்."

இரண்டு ரொட்டி சாப்பிட்டாள். எனக்கும் அன்று நிம்மதியாகத்தான் இருந்தது, அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை. கட்டி அது பாட்டுக்கு வளர்ந்தது. ஈப்போ ஆஸ்பத்திரியில், ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டபோது, "சாமி உத்தரவு" என்றாள். நான் கட்டில் ஓரம் நின்றேன். அவள் கண்மூடும்வரை சொல்லவில்லை.

போன மாதம் குளிக்கும்போது எனக்கும் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அதே இடது பக்கம். என்னை அறியாமல் வாசலில் இருக்கும் அரளிச் செடியிடம் போய் நின்றிருக்கிறேன். அவள் சிரிப்பு காதில் கேட்டது. உள்ளே ஓடி, சாமி மேடை முன் உட்கார்ந்து, காலண்டர் தாளின் பின்னால் எழுதினேன்: கட்டி இருக்கிறது. என்ன கட்டியென்று தெரியாது. தெரிந்தவர் டாக்டர். இன்றே போன் பண்ணலாம்.

நான்கு வரி. பயம் போகவில்லை, ஆனாலும் போனை எடுத்துக் கிளினிக்குக்கு நம்பர் போட்டேன்.

கிளினிக் போகும் வழியில் கோயிலில் இறங்கி, ஒரு செவ்வரளியை மடிக்காமல் வைத்தேன். எதுவும் கேட்கவில்லை.

கிளினிக்கில் மிஸ்ஸி, ஒரு தமிழ் நர்ஸ், என் விவரம் கேட்டுப் பாரம் நிரப்பினாள்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இருந்திச்சாக்கா?"

"எங்க அக்காவுக்கு."

"லேட்டா வந்தாங்களா?"

"சீக்கிரமே வந்திருப்பா," என்றேன். "நாந்தான் வரவிடல."

முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவள் பேனா நின்றது.