வடக்கே சாய்ந்த கம்பம்

மின்கம்பி திரும்பும் மூலையில் நிற்கும் கம்பத்தை, இருபக்கக் கம்பிகளும் சேர்ந்து எந்தத் திசையில் இழுக்கின்றனவோ, அதற்கு நேர் எதிரே ஸ்டே கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும். விதி இவ்வளவுதான். மின் அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இது மனப்பாடம்.

கருமத்தம்பட்டியில் எங்கள் வீதி முனைக் கம்பத்திலிருந்து ஒரு கம்பி மேற்கே போகிறது, ஒன்று வடக்கே. இழுப்பு சமம், கூட்டினால் வடமேற்கு. ஆகவே ஸ்டே தென்கிழக்கில் இருந்தது. அங்கே ஒருவர் வீடு கட்டி, கார் நுழைய கேட் வைத்தார். ஸ்டே குறுக்கே நின்றது.

"ஏனுங்க, கொஞ்சம் கெழக்கால தள்ளிப் போட்டா ஆவாதுங்களா?" என்று லைன்மேனுக்கு இளநீர் நீட்டியபடி கேட்டார். எனக்கும் ஒன்று வந்தது.

லைன்மேன் என்னைப் பார்த்தார். "சார் சொன்னா செஞ்சுபோடலாமுங்க."

இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு முகத்துக்கு நேரே முடியாது என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. "பாத்துச் செய்யுங்க" என்றேன். அதற்குச் சம்மதம் என்றுதான் பொருள்.

கிழக்கே போன ஸ்டே மேற்கு இழுப்பை மட்டும் கழித்தது. வடக்கு இழுப்பு அப்படியே மிச்சம். இரண்டு மழைக்குப் பின் கம்பம் வடக்கே சாய்ந்தது. அந்தப் பக்கம், நான்கு தறி ஓட்டித் தனியே பிழைக்கும் ஓர் அம்மாவின் தகரக் கூரை போட்ட தறிக்குடோன்.

"ஏனுங்க சார், இது என்ற தகரத்து மேல எப்ப உழுவும்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க. அன்னிக்கு லீவு உட்டர்றனுங்க" என்றார் அவர்.

அம்புக்குறி போட்ட படத்தோடு மின் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். நினைவூட்டல்கள் அனுப்பினேன். நேரிலும் போனேன். அதிகாரி பதிவேட்டைப் புரட்டி, "ஸ்டே இருக்குதுன்னு போட்டிருக்குதுங்களே சார்" என்றார். இருந்தது. எந்தத் திசையில் என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டமில்லை. என் காலத்திலும் இல்லை.

கேட் வைத்தவரிடம் ஸ்டேயைப் பழைய இடத்திலேயே போடலாமா என்றேன். "நீங்க சொல்லித்தானுங்களே தள்ளுனது?" என்றார், சிரித்துக்கொண்டே.

மார்கழியில், கம்பத்துக்குப் பயந்து தறிக்கு ஆள் வருவது நின்றது. அந்த அம்மா தறிகளைக் கழற்றி டெம்போவில் ஏற்றினார், சோமனூரில் தம்பி இடத்துக்கு. "வாரேனுங்க சார். மனு நல்லாத்தான் எழுதுனீங்க."

தென்கிழக்கிலேயே ஸ்டே அமைக்க உத்தரவிடப்பட்டுள்ளதாகப் பதில் வந்தது, பொங்கல் விடுமுறை முடிந்து, தை ஐந்தாம் தேதி.