மாற்றிக் காட்டிய கை

ஊரில் அவருக்கு இரண்டு பெயர். நேரில் மாஸ்டர், முதுகுக்குப் பின்னால் ஹாஃப் கிளட்ச். மேட்டில் கார் பின்னால் உருண்டாலும், சிக்னலில் நின்று மக்கர் பண்ணினாலும், அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். அவருடைய பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பிரேக்கின் தயவில் பிழைத்தவர்கள். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் லைசென்ஸ் வாங்கியவர்கள்.

வாங்கிக் கட்டிக்கொண்டும் தேறாமல் போனது அவர் மனைவி மட்டும்தான். கல்யாணமான புதிதில் சில நாள் ஓட்டிப் பார்த்தாள். ஒரு நாள் நடுத்தெருவில் வண்டியை நிறுத்திச் சாவியைக் கழற்றி அவர் மடியில் போட்டாள். "எனக்கு பஸ் போதுங்க" என்று இறங்கி நடந்துவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. ஊசி குத்தியதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள். "அந்த அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

அவளுடைய தம்பி லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு பழைய ஜீப்பைக் கட்டிக்கொண்டு அழுபவன். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. லீவு கிடைத்த நாளெல்லாம் அதன் அடியில் படுத்துக் கிடந்து சரிபண்ணினான். வண்டி ஒருவழியாக உயிர் பெற்றதும் வீட்டுக்கு வந்து நின்றான்.

"மாமா, இந்த சனி ஞாயிறு மலைக்குப் போறோம். மேல ஒரு ஏரி இருக்கு. கூடாரம் போட்டுத் தங்கிட்டு வரலாம். பாதை மட்டும் கொஞ்சம் கரடுமுரடு."

"பாதையைப் பத்தி என்கிட்டயா சொல்றே?" என்றார் மாஸ்டர்.

சனிக்கிழமை காலை நாலு பேரும் கிளம்பினார்கள். மாஸ்டர், மனைவி, பன்னிரண்டு வயது மகள், மச்சினன். தார் ரோடு முடிந்த இடத்தில் மச்சினன் இறங்கி நாலு டயரிலும் காற்றைக் குறைத்தான். டயர் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால்தான் பாறையைக் கவ்வுமாம். பிறகு நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கச் சின்ன லீவர் ஒன்றைத் தள்ளினான். வண்டி உறுமிக்கொண்டு நத்தை மாதிரி ஏறத் தொடங்கியது.

அது பாதையே இல்லை. எப்போதோ தண்ணீர் ஓடிய ஓடை. பானை அளவில், பெட்டி அளவில், படுத்த மாடு அளவில் கற்கள். மச்சினன் ஒவ்வொரு இடத்திலும் இறங்கிப் பார்த்து, கல்லைக் காலால் தள்ளிப் பார்த்து, திரும்ப ஏறி, ஒரு முழம் நகர்த்தினான். மாஸ்டருக்குக் கை பரபரத்தது. பாதி வழியில் கேட்டேவிட்டார்.

"கொஞ்ச நேரம் நான் ஓட்டறேன்டா. நீயும் பாவம், காலையிலேருந்து ஓட்டறே."

மச்சினன் தலையைச் சொறிந்தான். அக்கா புருஷன், ஊருக்கே மாஸ்டர், எப்படி மாட்டேன் என்பது? இடம் மாறி உட்கார்ந்தான்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பாறைப் படி வந்தது. முழங்கால் உயரம் இருக்கும். அதற்கு மேலே பாதை வளைந்து மறைந்தது.

"மாமா, மேல போய் பாதை எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்துடறேன். நான் வர்ற வரைக்கும் வண்டியை நகர்த்த வேணாம்" என்று சொல்லிவிட்டு மச்சினன் ஏறிப் போனான்.

நகர்த்தாமல்தான் இருந்திருப்பார். ஆனால் பின்னால் இன்னொரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து நாலைந்து ஆட்கள் இறங்கி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். கண்ணாடியில் பார்த்தார். முன்னால் நிற்பது அவரிடம் ஓட்டக் கற்ற மருந்துக்கடைக்காரன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது மாஸ்டருக்கு முள்மேல் இருப்பது போல் ஆகிவிட்டது.

"நீ இறங்கிக் கை காட்டு" என்றார் மனைவியிடம்.

"அவன் வரட்டுமேங்க."

"இறங்குன்னா இறங்கேன்."

அவள் இறங்கிப் படியின் பக்கமாகப் போய் நின்றாள். குனிந்து பார்த்தாள். வண்டிக்கு இடதுபுறம் சொரசொரப்பான உயரமான பாறை. வலதுபுறம் தட்டையாக, தாழ்வாக ஒரு கல். பார்த்தால் வலதுதான் சுலபம் போலத் தெரியும். ஆனால் அந்தக் கல்லுக்குப் பின்னால் ஒரு குழி இருப்பது நிற்கிறவள் கண்ணுக்குத்தான் தெரிந்தது. இடதுபுறப் பாறையை உள்ளங்கையால் தட்டித் தட்டிக் காட்டினாள். "இது மேல ஏத்துங்க, இது மேல!" வலதுபுறம் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

மாஸ்டருக்கு அவள் கை தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. இவளுக்கு என்ன தெரியும் என்று ஒரு நினைப்பு ஓடியது, அவ்வளவுதான். ஸ்டியரிங்கை வலதுபக்கம் ஒடித்தார். அவள் இரண்டு கையையும் உயர்த்தி "நிறுத்துங்க!" என்று கத்தினாள். அவர் அழுத்தினார்.

வலதுபக்கச் சக்கரம் தட்டைக் கல்லில் ஏறியது, தாண்டியது, குழியில் தொபுக்கென்று விழுந்தது. அடியில் ஏதோ மடேரென்று இடித்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பின் சீட்டில் மகள் கதவோடு ஒட்டிக்கொண்டாள். யாருக்கும் அடியில்லை. ஆனால் ஸ்டியரிங் கையில் லொடலொடவென்று ஆடியது.

வண்டி மறைத்ததில் பின்னால் நின்றவர்களுக்கு அவள் கை காட்டியது தெரிந்திருக்காது. மருந்துக்கடைக்காரன் ஓடி வந்தான். கதவைத் திறந்தான். முகம் மலர்ந்தது.

"அட, மாஸ்டர்! நீங்களா? என்ன மாஸ்டர் ஆச்சு?"

அந்த ஒரு நொடியில் மாஸ்டர் பல பதில் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது இதுதான்.

"ஒண்ணுமில்லப்பா. வீட்ல கை காட்டினாங்க. மாத்திக் காட்டிட்டாங்க."

அவன் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். "எதிர்ல நிக்கிறவங்களுக்கு இடது வலது குழம்பத்தான் செய்யும் அக்கா, விடுங்க." அவள் பாறையைத் தட்டிய கையில் ஒட்டியிருந்த மண்ணை மற்றொரு கையால் துடைத்தாள்.

சத்தம் கேட்டு மச்சினன் தலைதெறிக்க ஓடி வந்தான். வண்டியின் கீழே புகுந்து பார்த்தான். ஸ்டியரிங் ராடு வில்லாக வளைந்திருந்தது. வெளியே வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. மாமாவைக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கேட்கும் முன்பே மருந்துக்கடைக்காரன் விளக்கம் சொல்லிவிட்டான். மச்சினன் அக்காவைப் பார்த்தான்.

"ஏன்க்கா, சோத்தாங்கை எது, பீச்சாங்கை எதுன்னு கூடவா தெரியாது உனக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். பிற்பாடு அவர் நினைத்து நினைத்துக் கூசியது இந்தச் சிரிப்பைத்தான். பொய் பதற்றத்தில் வந்தது என்று தனக்குத்தானே பூசி மெழுகலாம். இந்தச் சிரிப்புக்கு என்ன சாக்கு சொல்வது?

மருந்துக்கடைக்காரன் ஆட்கள் தங்கள் ஜீப்பிலிருந்து கயிற்றைக் கட்டி வண்டியைப் பின்னால் இழுத்து, படிக்குக் கீழே சமதளத்தில் நிறுத்திக் கொடுத்தார்கள். பிறகு இடதுபுறப் பாறை வழியாகச் சுலபமாக ஏறி ஏரிக்குப் போய்விட்டார்கள். இவர்களுக்கு ஏரி இல்லை என்று ஆகிவிட்டது. ஓடைக்கரையில் கற்களுக்கு நடுவே கூடாரம் போட்டார்கள். மச்சினன் ராடைக் கழற்றிப் பாறைமேல் வைத்துச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினான். அந்தி சாயும் வரை டங் டங் என்று சத்தம். ஒவ்வொரு அடியும் தன் மண்டையில் விழுவதுபோல மாஸ்டருக்கு இருந்தது. உதவ எழுந்து போனார். "நீங்க உக்காருங்க மாமா" என்றான் அவன், மரியாதையாகத்தான்.

விறகு பொறுக்கப் போனபோது மகள் கூட வந்தாள்.

"அப்பா, அம்மா அந்தப் பெரிய பாறையைத்தானே தட்டிக் காட்டினாங்க? நான் பாத்தேனே."

மாஸ்டர் குனிந்து ஒரு சுள்ளியை எடுத்தார். "நீ பின்னாடி உக்காந்திருந்தேடா. அங்கேருந்து சரியா தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சுதுப்பா."

"வண்டி ஆடும்போது அப்படித்தான் தோணும்."

அவள் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரி" என்றாள். பொறுக்கிய சுள்ளிகளை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். பிள்ளை கண்ணால் கண்டதையே அவளிடம் இல்லை என்று சொல்லியாயிற்று.

நெருப்பு மூட்டி முட்டை பொரித்து ரொட்டியோடு சாப்பிட்டார்கள். மச்சினன் வேலை முடிந்த நிம்மதியில் அக்காவை ஓட்டிக்கொண்டே இருந்தான். "அக்கா, உப்பு உனக்கு இடதுபக்கம் இருக்கு. இடதுபக்கம்னா எதுன்னு மாமாகிட்ட கேட்டுக்கோ." அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை, தட்டை வைத்துவிட்டுக் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பாத்திரம் கழுவ மனைவி ஓடையில் தேங்கிக் கிடந்த குட்டைக்குப் போனபோது மாஸ்டர் பின்னாலேயே போனார்.

"நீ ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவள் சட்டியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அந்த மருந்துக்கடைப் பையன் முன்னாடி எப்படிச் சொல்றது? உங்களுக்குத்தானே அசிங்கம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நீங்களே என் தம்பிகிட்ட சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"காலையில சொல்லிடறேன்."

அவள் சட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள்.

காலையில் மாஸ்டர் டீ குடிக்கும்போது சொல்ல நினைத்தார். மச்சினன் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தான். முடிக்கட்டும் என்று விட்டார். முடித்ததும் டயரைப் பார்க்கப் போனான். வரட்டும் என்று விட்டார். எல்லாம் ஏற்றிக் கிளம்பியும் ஆகிவிட்டது. இறங்குகிற வழியில் ஓர் இடத்தில் மழைநீர் அரித்து, இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு வண்டி மட்டும் நுழைகிற சந்து. மச்சினன் நிறுத்தினான்.

"யாராவது இறங்கிக் கை காட்டுங்க. அக்கா, நீ மட்டும் வேணாம் தாயே!"

கதவில் கை வைத்திருந்த அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். நாளெல்லாம் யார் யாருடைய நரம்பையோ தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற விரல்கள். மாஸ்டரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"எஞ்சினை அணைடா" என்றார்.

"என்ன மாமா?"

"உங்கக்கா சரியாத்தான் காட்டினா. பாறையைத் தட்டியே காட்டினா. நிறுத்துன்னும் கத்தினா. நான்தான் பார்த்துட்டே மாத்தி ஒடிச்சேன். நீ வர்ற வரைக்கும் இருக்கச் சொன்னே, அதையும் கேக்கல. அவ மேல பழியைப் போட்டது நான்." பின்னால் திரும்பினார். "நீ பாத்தது சரிதாம்மா. அப்பாதான் பொய் சொன்னேன்."

மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மச்சினன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பழியெல்லாம் தன் தலையில் விழும், திட்டுவான் என்று மாஸ்டர் காத்திருந்தார். அவன் திட்டியிருந்தால் தேவலை.

"ராடு வளைஞ்சா நிமித்திக்கலாம் மாமா" என்றான் கடைசியில். "நேத்து பூரா அக்காவை நான் என்னென்னவோ சொல்லிட்டேன். என்னையும் சேத்து இப்படிப் பண்ணிட்டீங்களே."

அவன் இறங்கிப் போய் அக்கா பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். "வாக்கா. நீயே காட்டு."

"எனக்கு வேணாம்டா."

"வாயேன்."

அவள் இறங்கினாள். முன்னால் பின்னால் நடந்து பார்த்தாள். அவசரப்படாமல் கை காட்டினாள். வண்டி இரண்டு பாறையையும் உரசாமல் வெளியே வந்தது. யாரும் கை தட்டவில்லை.

அதோடு தீர்ந்தது என்று நினைத்தார் மாஸ்டர். தீரவில்லை. மருந்துக்கடைக்காரன் ஏரியிலிருந்து இறங்கி வந்ததும் கதையை ஊரெல்லாம் கடை பரப்பிவிட்டான். அடுத்த வாரம் பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி, "மாஸ்டர், உங்க வீட்டு அக்கா மாத்திக் கை காட்டி ஜீப்பைக் கவுத்துட்டாங்களாமே?" என்றாள். கவிழ்ந்ததாகவே ஆகிவிட்டிருந்தது. "இல்லம்மா, தப்பு என்னுது" என்றார். அவள் நம்பாமல் சிரித்தாள்.

அன்று மாலை வீட்டில் மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "இன்னைக்கு ஒருத்தர் ரத்தம் குடுக்க வந்தாரு. சட்டையை மடிச்சுட்டு, 'இந்தக் கைதாம்மா, மாத்திக் குத்திடாதீங்க'ன்னாரு. லேப்ல எல்லாரும் சிரிச்சாங்க." சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மாஸ்டர் அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். கூட்டம் இருந்தது. கூட்டம் கலையக் காத்திருக்கலாம் என்று கால் பின்வாங்கியது. காத்திருந்தால் வாய் திறக்காது என்று அவருக்கே தெரியும். நேராகப் போய்ச் சொன்னார்.

மருந்துக்கடைக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். "மாஸ்டர், வீட்டம்மாவை விட்டுக்குடுக்க மாட்டீங்களே! நீங்களாவது, தப்பா ஓட்டறதாவது!" மருந்து வாங்க நின்றவர்களும் சிரித்தார்கள். நல்ல புருஷன் என்று ஒரு அம்மாள் பாராட்டவே செய்தார்.

மாஸ்டருக்குக் காது மடல் எரிந்தது. உண்மையைச் சொல்லப் போன இடத்தில் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு திரும்புவதா? கண்ணாடி மேசைமேல் இருந்த இருமல் மருந்துப் புட்டி இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று உயரம், ஒன்று குட்டை. மாத்திரை டப்பாவை வண்டியாக வைத்தார். "இது பெரிய பாறை. அவ இதைத் தட்டினா. இங்க குழி. என் கண்ணுக்கு அவ கை தெரியுது. நிறுத்துன்னு கத்தறா. நான் இப்படி ஒடிக்கிறேன்." டப்பாவை நகர்த்தி மேசை விளிம்பில் சாய்த்துக் காட்டினார்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. மருந்துக்கடைக்காரன் டப்பாவையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்போ ஏன் மாஸ்டர் அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?"

"நீ நின்னுக்கிட்டிருந்தே" என்றார். "அதான்."

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு புட்டிகளை எடுத்து அலமாரியில் அடுக்கத் தொடங்கினான். மாஸ்டர் கூனிக் குறுகி வெளியே வந்தார்.

கதை ஒரே நாளில் திரும்பிவிடவில்லை. முதல் கதை ஓடிய வேகம் இரண்டாவதற்கு இல்லை. கேட்கிற இடத்தில் எல்லாம் அவர் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது. சிலர் நம்பினார்கள், சிலர் கண் சிமிட்டினார்கள். மகள் அவரோடு பழையபடி பேசத் தொடங்கினாள் என்றாலும், அவர் ஏதாவது சொன்னால் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள்.

சில நாள் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி நிமிர்ந்து கேட்டாள்.

"மருந்துக்கடையில போய்ச் சொன்னீங்களாமே? எல்லார் முன்னாடியும்."

"ஆமா."

"இப்ப எப்படி இருக்கு? லேசா ஆயிடுச்சா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "இல்ல. இன்னும் கூச்சமாத்தான் இருக்கு."

"இருக்கட்டும்" என்றாள் அவள். அதில் கோபம் இல்லை. ஆய்ந்த கீரையை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.