நடுவில் நிற்காதவர்

பிரேசர் டவுனில் அவர் வீட்டுக்குக் கேமராவோடு போயிருந்தேன். நரைத்த மீசை, கனத்த குரல். சினிமாவில் காலமெல்லாம் கதாநாயகனுக்கு அப்பாவாக நடித்தவர், அருமையாகப் பாடுவார். அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்து ஊரையே அழவைத்துவிடுவதாக எனக்கு நினைப்பு.

கேமரா ஓடத் தொடங்கியதும், பாடிக்கொண்டே ஓரமாக நகர்ந்துவிட்டார்.

"நடுவுல நில்லுங்க சார்."

"அங்க ஹீரோ நிப்பான்பா. பழகிப்போச்சு."

"இந்தப் படத்துக்கு நீங்கதான் சார் ஹீரோ."

சிரித்தபடி நடுவுக்கு வந்தவர், பல்லவி முடிவதற்குள் மறுபடி ஓரத்துக்குப் போய்விட்டார். பாட்டில் சொக்கிப்போய் நானும் விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்கு வந்து, எடுத்ததைப் போட்டுப் பார்த்தேன். அவர் விலகிய இடத்தில், பின்னாலிருந்த பீரோக் கண்ணாடியில், வாயைப் பிளந்து தலையாட்டிக்கொண்டு நான். படம் முழுக்க நான்தான். அவர் ஓரமாக நின்று, பெற்ற மகனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்.