கலெக்டர் மனைவியின் ஒரே வசனம்

என் மேசையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் தொலைக்காட்சியிலும் மேடையிலும் நடித்த ஒரு நடிகை, தான் ஏற்ற வேடங்களைத் தானே தட்டச்சு செய்து கொடுத்த பட்டியல். மொத்தம் பதினான்கு பதிவுகள். பதின்மூன்றைப் பழைய செய்தித்தாள்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட்டேன். பதினான்காவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பேய், குறி என்று யாராவது ஆரம்பித்தால் "என்ன தேதி, கூட யார் இருந்தார்கள்?" என்று கேட்டு வாயடைக்கிறவன் நான். ஷார்ஜா தொழில்பேட்டையில் டாக்குமென்ட் கன்ட்ரோலர் வேலை. எந்தத் தாள் எப்போது வந்தது என்று குறிப்பதுதான் பிழைப்பு. நீங்களும் என்னை அப்படியே கேட்கலாம்.

நாங்கள் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டோம். பட்டியலில் அவர் நர்ஸ், வேலைக்காரி, கொலையாகிக் கிடக்கும் மூன்றாவது பெண். ஒரு தொடரில் மட்டும் நான்கு வருடம் மளிகைக்கடைக்காரரின் மனைவி. ஒரு நாள் அந்தப் பாத்திரத்தை ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள், அதோடு சரி. பிறகு ஊர் ஊராக மேடை. துபாய் ஹோட்டல்களில் நாடகம் போட வந்த குழுவோடு வந்து, இங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டார். எழுபதைத் தாண்டியபின், கணவரும் போய், பள்ளிப் பிள்ளைகளுக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். துபாய் கராமாவில் எங்கள் தமிழ் நாடகக் குழுவுக்கு ஒரு வெள்ளைக்காரக் கலெக்டரின் மனைவி வேடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. கேட்ட அன்றே வந்தார். அவரை யாரும் நடிக்கக் கூப்பிட்டுப் பல வருடமாகியிருந்தது.

இயக்குநர் பாஸ்கரன் என்னிடம் சொன்னார்: "கெழவிக்கு என்ன புரியப்போவுது? 'நான் கெழட்டுக் கழுதை, யாராச்சும் புல்லு போடுங்கய்யா'ன்னு எழுதிக் குடுங்க சார். ஹால் சிரிச்சே செத்துரும்."

குழுவில் நான்தான் பிராம்ப்டர், திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுக்கிறவன். ஆங்கில எழுத்தில் அழகாக எழுதிக்கொடுத்தேன். அர்த்தம் கேட்டார். "வருக, இது உங்கள் வீடு" என்றேன். அந்தப் பொய்யை என்னைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவர் என் வாயையே பார்த்தபடி மூன்று முறை சொல்லவைத்தார். "சொல் மட்டும் போதாது, எங்கே மூச்சு விடுகிறாய் என்று காட்டு" என்றார் ஆங்கிலத்தில். ஒத்திகையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் பாவாடை நுனியைப் பிடித்துக் குனிந்து நன்றி சொன்னார்.

அந்த வாரம்தான் ஊரில் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அக்கா போன் செய்தாள்.

"எப்படா வர்ற? டாக்டர் நாள் கணக்குதான்னுட்டாரு."

"லீவு சாங்ஷன் ஆகலக்கா. திங்கக்கிழமை ராத்திரி எப்படியும் ஏறிடுவேன்."

லீவு கையெழுத்தாகி என் பையில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை நாடகம். அதற்காகத்தான் திங்கள்.

ஞாயிறு மாலை ஐந்து நாற்பது. பள்ளி அரங்கு நிறைந்திருந்தது. மேடம் மேடைக்கு நடுவில் வந்து நின்றார். கூட்டத்தைப் பார்க்கவில்லை, பக்கத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பினார். நம்பினால் நம்புங்கள், இப்படிச் சொன்னார்:

"அப்பா... கடைசியில உன்னைக் கேக்கவே... இல்லடா."

உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லை. என் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்து இளைப்பு. பேச்சின் நடுவே மூச்சை வெடுக்கென்று இழுப்பாள். அதே இழுப்பு, இரண்டு இடத்தில். அரங்கு அதிரச் சிரித்தது. வெள்ளைக்காரி 'இல்லடா' என்றால் சிரிக்க மாட்டார்களா? மேடையில் வசனம் மாறினால் உடனே குறித்துவைப்பது என் வழக்கம். கை தானாக எழுதியது. மூச்சு இழுத்த இடங்களில் சாய்கோடும் போட்டது.

திரை விழுந்ததும் பாஸ்கரன் ஓடிவந்தார். "என்ன சார், எனக்குத் தெரியாம வசனத்த மாத்திட்டீங்க? கழுதைய விட இது சூப்பர்!"

மேடத்திடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீ கற்றுக்கொடுத்ததைத்தான்" என்றார். "வரவேற்பு என்றுதானே சொன்னாய்?" பட்டியலை என் கையில் கொடுத்துவிட்டு, மேக்கப் கலைக்கப் போய்விட்டார்.

அப்போதே நான் அக்காவுக்குப் போன் செய்திருக்கலாம். போனை அப்பா காதில் வைக்கச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. குழுவோடு ஹோட்டலுக்குப் போய் நெய்ரோஸ்ட் சாப்பிட்டேன்.

திங்கள் காலை ஏழு ஐந்துக்கு, பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா கூப்பிட்டாள். அப்பா விடிகாலை நான்கு மணிக்குப் போய்விட்டாராம். ஞாயிறு மாலை, அரங்கு சிரித்த நேரத்தில், அவர் உயிரோடு இருந்தார். நினைவும் இருந்ததாம்.

"என்னைத் தேடினாரா?" என்று கேட்டேன்.

மூச்சை இழுத்தபடி அவள் சொன்ன பதிலை நான் மறுபடி எழுத வேண்டியதில்லை. அன்றே பிராம்ப்ட் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். சாய்கோடுகள்கூட இடம் மாறவில்லை.

கருமாதிக்குப் பிறகு அவளிடம் கேட்டேன், நிஜமாகவே அப்பா கேட்கவில்லையா என்று. "உன் மேல இருந்த கோவத்துல என்னென்னவோ சொன்னேன். அத ஏன் இப்ப கிளர்ற? விடு" என்று எழுந்து போய்விட்டாள்.

நான் திரும்பி வருவதற்குள் மேடம் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கிலாந்து போயிருந்தார். பிறகுதான் பட்டியலை முழுதாகப் படித்தேன். பதினான்காவது பதிவை முன்கூட்டியே தட்டச்சு செய்திருந்தார். நாடகத்தின் பெயர் சரி, அரங்கு சரி, தேதி சரி. வேடம் என்ற இடத்தில் 'கலெக்டரின் மனைவி' இல்லை. 'மூத்த சகோதரி' என்றிருக்கிறது. எனக்கு அக்கா இருப்பதைக் குழுவில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

பதின்மூன்று பதிவுகளுக்கு எதிரே 'சரிபார்த்தது' என்று எழுதித் தேதி போட்டிருக்கிறேன். இதற்கு எதிரே எழுதியிருப்பது ஒரே வரி: அப்பா என்னைக் கேட்டாரா இல்லையா, இன்றுவரை உறுதியாகவில்லை.