குளியல் காட்சியைத் தூக்கியவர்கள்

நாவலூரில் ஒரு கேம் நிறுவனத்தில் டெஸ்டராக இருக்கிறேன். கேம் வெளிவரும் முன் அதைத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்துக் குறை சொல்வது என் வேலை. இந்த ஆண்டு எங்கள் கையில் இருப்பது ஒரு விண்கலக் கதை. கலத்தில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. கசிவை அடைக்க மெக்கானிக் ஒருத்தி தொட்டி அறைக்குள் போகிறாள். அங்கே காற்று வெளியேறத் தொடங்கியதும், ஆடுபவர் வெளியிலிருந்து கதவைப் பூட்ட வேண்டும். பூட்டினால் கலம் பிழைக்கும். அவள் பிழைக்க மாட்டாள்.

அதற்கு முந்தைய காட்சியில் அவள், தன் பங்குக் குடிநீரில் பாதியை ஊற்றித் தலைக்குக் குளிக்கிறாள். "நாளைக்குத் தாகத்துல செத்தாலும் பரவாயில்ல, இன்னிக்குத் தலை அரிக்காம தூங்கணும்" என்று சிரிக்கிறாள். அதை முதன்முதலில் பார்த்த அன்று, கதவுப் பொத்தானின் மேல் என் விரல் அப்படியே நின்றுவிட்டது.

போன வாரம் மாமல்லபுரத்தில் ஒரு கடலோர ஹோட்டலில் குழுவுக்கு விருந்து. நண்டு வறுவல் வந்த நேரத்தில் மேலாளர் எழுந்தார்.

"அந்தக் குளியல் சீனைத் தூக்கிடறோம். ஆடினவங்க முக்கால்வாசிப் பேர் ஸ்கிப் பண்ணிட்டுப் போறாங்க. டேட்டா தெளிவா இருக்கு."

"யார் ஆடின டேட்டா சார்?" என்றேன்.

"ஆபீஸ்ல ஓடற வெர்ஷன்தான் மேடம்."

அந்த வெர்ஷனை வெளியாள் ஒருவரும் தொட்டதில்லை. ஆடியதெல்லாம் நாங்கள். என் பக்கத்தில் இருந்த திருப்போரூர்க்காரர், என்னோடு வேலை பார்ப்பவர், சிரித்தேவிட்டார்.

"இன்னா சார் நீங்க, ஸ்கிப் அமுக்கினதே நாங்கதான். கதவு மாட்டிக்கினு கீது, கதவைப் பாருன்னு உசுர எடுத்தீங்க. தெனம் அந்தம்மா குளிச்சி முடிக்கிற வரைக்கும் குந்திகினு இருந்தா கதவை யாரு பாக்கறது?"

மேலாளர் சிரிக்கவில்லை. "எப்படி இருந்தாலும் யாருக்கு மேடம் பொறுமை இருக்கு? கதவைப் பூட்டினதும் உள்ள வெடிக்கணும். அது போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விண்கலம் என்றாலே வெடிப்பும் வெளிச்சமும்தான் என்று இவர்களுக்கு யார் சொன்னது? படூர் வீட்டில் நான் பார்க்கும் விண்வெளித் தொடர்களிலும் இதே கூத்து. இந்த வாரம் செத்தவனை அடுத்த வாரம் ஏதோ ஒரு கருவி எழுப்பிவிடுகிறது. எதையும் மீட்டுவிடலாம் என்றால் நான் எதற்காகப் பதற வேண்டும்? தண்ணீர் இல்லை என்று கதை சொன்னால் உண்மையிலேயே இல்லாமல் இருக்க வேண்டும். அந்த இல்லாமைக்குள் ஒருத்தி அடம்பிடித்துத் தலைக்குக் குளிக்க வேண்டும். அப்போதுதான் அவள் எனக்கு மனுஷி. அதை வெட்டி எறிந்துவிட்டு, உணர்ச்சி பத்தவில்லை என்று பின்னணி இசையைக் கூட்டுவார்கள்.

திங்கட்கிழமை, காட்சி நீக்கிய வெர்ஷன் வந்தது. கணக்குப் பிரிவிலிருந்து, கேமே ஆடாத ஒருவரை அழைத்து உட்கார வைத்தேன். கதவு வந்தது. தயங்காமல் பூட்டினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"யாருங்க உள்ள இருந்தது?"

அந்தக் கேள்வியை அப்படியே பிழைப் பட்டியலில் பதிவு செய்தேன். கேம் ஆட முடியாமல் நின்றுபோனால் கொடுக்கும் உச்சக் கடுமைக் குறியை அதற்குக் கொடுத்தேன். 'பிழை அல்ல' என்று மேலாளர் அந்தப் பதிவை மூடினார். திறந்தேன். மறுபடி மூடினார். மறுபடி திறந்தேன். திருப்போரூர்க்காரரும் அதன் கீழே தன் பெயரைச் சேர்த்தார்.

வெளியிடுவதற்கு டெஸ்டர் ஒப்புதல் வேண்டும். என் ஒப்புதலை நான் தரவில்லை.