எனக்கே வாங்கிய எம்பிராய்டரிப் புத்தகம்

லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய புத்தகக் கடை. கை எம்பிராய்டரிப் புத்தகம் ஒன்றைப் பின்னட்டையிலிருந்து திறக்கிறேன். தையல் புத்தகம் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அங்கேதான். மடித்து வைத்த டிசைன் தாளைப் பெரும்பாலும் யாராவது உருவியிருப்பார்கள். இதில் பத்திரமாக இருக்கிறது.

“ஒய்ஃபுக்கா சார்? கிஃப்ட் ராப் பண்ணித் தரேன்,” என்கிறார் கடைக்கார அம்மா.

சென்னையில் இதுவரை ஐந்து தையல் புத்தகங்களை மனைவிக்கென்று சொல்லித்தான் வாங்கியிருக்கிறேன். அவளோ பொத்தான் அறுந்தால் என்னிடம் நீட்டுகிறவள். கடல் கடந்து வந்தும் அதே பொய்யா?

“எனக்குத்தாங்க. நான்தான் தைப்பேன்.”

“சும்மா சொல்லாதீங்க லா.”

மானப் பிரச்சினை. நான் பூவேலை செய்த கைக்குட்டையைப் பையிலிருந்து எடுத்து மேசையில் விரிக்கிறேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிகிறார்.

“வாத்து நல்லா இருக்கு.”

“அது கிளி.”

கிளியையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார். “அப்ப கண்டிப்பா உங்களுக்குத்தான் இந்த புக்,” என்றபடி பழுப்பு உறையை எடுக்கிறார். “உள்ள போட்டுத் தரேன் சார். எம்ஆர்டில எல்லாரும் பாப்பாங்க.”

“பாக்கட்டும்.”

இப்போது தஞ்சோங் பகார் போகும் எம்ஆர்டி ரயிலில், அலுவலகம் போகிறவர்களின் நெரிசலுக்கு நடுவே நின்று கிளி தைப்பது எப்படி என்ற பக்கத்தைப் படிக்கிறேன். எதிரே டை கட்டிய ஒருவர் அட்டையிலிருக்கும் ரோஜாவையும் என் மீசையையும் பார்க்கிறார். புத்தகத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கிறேன்.