விளக்கு இருந்த இடத்தில் இரண்டு திரை

என் மகன் தவறிப்போன பிறகும் மருமகள் இந்த வீட்டிலேயே இருந்தாள். இரு என்று நான் கேட்டதில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. சென்னை ஆபீஸ்காரர்கள் இன்னொரு திரையும் அனுப்பி, ஒன்றில் வரைபடம், ஒன்றில் எழுத்து, இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் இனி வேலை என்று சொல்லிவிட்டார்கள்.

உள்ளறையில் வைத்துப் பார்த்தாள். சம்பா நடவு நேரம், மழையும் காற்றும் சேர்ந்தால் எங்கள் பக்கம் கரண்ட் நிற்காது. மீட்டிங் நடுவில் எல்லாம் அணைந்துபோனது.

"இனிமே இப்படி ஆனா சென்னைக்கே வந்துடணுமாம் அத்தை" என்றாள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

இன்வர்ட்டர் லைன் கூடத்துச் சுவரில் மட்டும்தான். அந்தச் சுவரடியில்தான் மகனைக் கிடத்தியிருந்தது. தலைமாட்டு விளக்கு வருஷம் திரும்புகிறவரை அந்த இடத்தை விட்டு நகராது, அது எங்கள் வீட்டு வழக்கம். மாமனாருக்கும் நான்தான் ஏற்றினேன், என் வீட்டுக்காரருக்கும் நான்தான். அது தெரிந்துதான் அவள் அந்த இடத்தைக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து விளக்கை நானே எடுத்தேன். அடுப்படி மாடத்தில் வைத்தேன்.

"மேசையைக் கொண்டாந்து போடு" என்றேன்.

மேசையைப் போட்டு ஒயரெல்லாம் மாட்டினாள். ஒரு திரை உயரம், ஒன்று குட்டை. குட்டைக்கு அடியில் மணைப் பலகையை வைத்தேன். மவுஸ் அம்பு இடப்பக்கத் திரைக்குப் போகாமல் ஓரத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது.

"எது வலது, எது இடதுன்னு இதுக்கு இன்னும் சொல்லல அத்தை" என்று திரைக்குள் இரண்டு கட்டத்தை இழுத்து இடம் மாற்றினாள். அம்பு தாண்டிப் போனது.

அந்த நேரம் பார்த்து பாபநாசத்திலிருந்து என் நாத்தனார் வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி இது? புள்ள கெடந்த எடத்துல சினிமாக் கொட்டாய் போட்டிருக்கீங்க?"

"டிக்கெட் கேக்க மாட்டேன், உள்ள வா."

"வருஷத் திவசம்கூட இன்னும் வரல. நாளைக்கு இவளும் கிளம்பிட்டா என்ன பண்ணுவீங்க?"

"போறதுன்னா போகட்டும். என் வீட்டுல எடம் இல்லாமப் போனாள்னு யாரும் சொல்லக் கூடாது."

மருமகள் திரும்பவில்லை. காதில் மாட்டியிருந்த ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள்.

மத்தியானம் மழை பிடித்தது, தெருவில் கரண்ட் போனது. கூடத்தில் இரண்டு திரையும் எரிந்துகொண்டிருந்தன. அவள் இங்கிலீஷில் பேசிக்கொண்டேயிருந்தாள். பேசி முடித்து அடுப்படிக்கு வந்தாள்.

"சென்னைக்கு வர வேண்டாம்னுட்டாங்க அத்தை. இங்கேருந்தே செய்யலாமாம்."

"சரி, கை கழுவிட்டு வா" என்றேன்.

இரண்டு இலைதான் போட்டேன். நாத்தனார் சாப்பிடாமலே பஸ் ஏறியிருந்தாள்.